திருச்சியில் தொடங்கிய ஸ்குவாட்ரன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கோபுர வண்ணம், கோலம் என்று எல்லாவற்றையும் ரசித்து எழுதியிருந்தார்கள். திருச்சியின் விமானக் கதையில் ஒன்று மட்டும் விட்டுப்போய்விட்டது. இந்திய விமானப்படையின் 8-ஆவது ஸ்குவாட்ரன், அதாவது விமானப் படைப்பிரிவு, 1942 டிசம்பர் 1 அன்று தொடங்கப்பட்டது நம் திருச்சியில்தான். இரண்டாம் உலகப் போரில் அதே ஸ்குவாட்ரனில் குண்டுவீச்சு விமானத்தின் பின் இருக்கையில் என் பெரியப்பா பறந்தார்.

இது எனக்கே போன வருடம்தான் முழுதாகத் தெரியவந்தது. தொண்ணூற்றைந்து வயதில் பெரியம்மா காலமான பிறகு லால்குடி வீட்டை ஒழித்தோம். பழைய பேப்பர்காரர் தராசில் வைத்திருந்த பேப்பர் கட்டுக்குள் நீலத் துணி அட்டை போட்ட ஒரு நோட்டு தெரிந்தது. பெரியம்மாவின் பால் கணக்கு நோட்டு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாமே என்று உருவினேன். பின்பக்கத்திலிருந்து பென்சிலில் அரைப்படி, முக்கால்படி, சீட்டுப் பணம் என்று பெரியம்மாவின் எழுத்து. முன்பக்கம் திருப்பினால் மசியில் பெரியப்பாவின் ஆங்கில எழுத்து. தேதி, நேரம், விமானத்தின் வகை, எண், விமானி பெயர், செய்த வேலை, பறந்த நேரம் என்று கட்டம் கட்டமாக. அது அவருடைய பறப்புப் பதிவேடு. காலியாகக் கிடந்த பக்கங்களை வீணாக்காமல் பெரியம்மா பால் கணக்கு எழுதியிருக்கிறார். அதனால்தான் அது இத்தனை வருடம் தப்பியது.

பெரியப்பா வயர்லெஸ் ஆபரேட்டர், கூடவே துப்பாக்கி வீரர். பெஷாவரில் பயிற்சி. பிறகு வரி வரியாக ஒரே விமானம், வெஞ்சன்ஸ். அமெரிக்காவில் வல்ட்டி நிறுவனம் வடிவமைத்தது. ஒரே இன்ஜின், இரண்டே பேர். முன்னால் விமானி, பின்னால் இவர். பத்துப் பன்னிரண்டாயிரம் அடி உயரத்திலிருந்து மூக்கைக் கவிழ்த்து, செங்குத்தாகக் கீழே பாய்ந்து, குண்டை விட்டுவிட்டு மேலெழும்ப வேண்டும். மற்ற விமானங்கள் பெரும்பாலும் சரிவாகத்தான் இறங்கும். இதன் இறக்கை உடலோடு கோணம் இல்லாமல் பொருத்தப்பட்டதால் நேர்க்குத்தாகவே இறங்க முடிந்தது.

இதைப் படித்தபோதுதான் ஒரு பழைய விஷயம் புரிந்தது. சின்ன வயதில் நாங்கள், "குண்டு போட்டப்போ கீழே என்ன தெரிஞ்சது பெரியப்பா?" என்று நச்சரிப்போம். "எனக்கு ஆகாசம்தான் தெரிஞ்சது" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. பதில் சொல்லப் பிடிக்காமல் மழுப்புகிறார் என்றே நினைத்திருந்தேன். எதிரி விமானம் வருகிறதா என்று பின்னோக்கிப் பார்த்து உட்கார்ந்திருப்பவருக்கு, விமானம் தலைகீழாகப் பாயும்போது முதுகு தரைப்பக்கம், முகம் மேலே. அவர் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். மல்லாந்தபடியே தரையை நோக்கி விழுந்த அந்தச் சில விநாடிகளை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது.

1943 டிசம்பரில் அவருடைய ஸ்குவாட்ரன் இன்றைய வங்கதேசத்தின் சிட்டகாங்கில் உள்ள டபுள் மூரிங்ஸ் ஓடுதளத்திலிருந்து போருக்குப் புறப்பட்டது. பர்மாவின் மேற்குக் கரையான அரக்கான் போர்முனையில் ஜப்பானியரின் நிலைகள்தான் இலக்கு. ஏட்டில் அந்த மாதங்கள் நெருக்கி நெருக்கி எழுதப்பட்டிருக்கின்றன. சில நாட்களில் இரண்டு முறை பறந்திருக்கிறார். விமானி என்ற கட்டத்தில் பெரும்பாலும் ஒரே பெயர். 1944 நடுவில் எல்லாம் சட்டென்று நின்றுவிடுகிறது. அப்புறம் பால் கணக்குதான்.

அந்த இடத்தைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். போர் முடியும் முன்பே பெரியப்பாவைப் பறப்பதிலிருந்து இறக்கி, தரையில் வயர்லெஸ் அறையில் போட்டுவிட்டார்கள். "பயந்துபோய் இறங்கிட்டான்" என்று உறவுக்குள் ஒரு பேச்சு. கல்யாண வீடுகளில் என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். பெரியப்பா ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. 1986-இல் காலமாகும் வரை அந்தப் பேச்சு கூடவே வந்தது.

ஸ்குவாட்ரன்கள் அன்றாடம் எழுதிவந்த செயல்பாட்டுப் பதிவேடு என்று ஒன்று உண்டு. படிவம் 540-இல் அன்றன்று நடந்தது இருக்கும். படிவம் 541-இல் எந்த விமானம், யார் யார் போனார்கள், எப்போது கிளம்பித் திரும்பினார்கள் என்பது இருக்கும். 8-ஆவது ஸ்குவாட்ரனின் சில பக்கங்களை என் மகள் இணையத்தில் தேடி எடுத்தாள். நான் ஏட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தேதியாக ஒப்பிட்டேன். பெரியப்பா எழுதியதும் அதுவும் பொருந்தின. ஏடு ஏன் நின்றது என்பதும் தெரிந்தது. 1944-இன் பிற்பகுதியில் ஸ்குவாட்ரனுக்கு வெஞ்சன்ஸ் போய் ஸ்பிட்ஃபயர் என்ற சண்டை விமானம் வந்துவிட்டது. ஸ்பிட்ஃபயரில் ஒரே ஒரு இருக்கை. பின்னால் உட்கார இடமே கிடையாது. அவர் பயந்து இறங்கவில்லை. அவர் உட்கார்ந்த இருக்கைதான் இல்லாமல் போனது.

இதைத் தெரிந்துகொண்ட அன்று பெரியம்மா உயிரோடு இல்லையே என்று அழுதுவிட்டேன்.

தங்கள் வழியாக விமான நிலைய அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். புதிய முனையத்தில் எங்காவது, பயணிகள் கண்ணில் படும் இடத்தில், 8-ஆவது ஸ்குவாட்ரன் திருச்சியில் தொடங்கியதைச் சொல்லும் ஒரு பலகை வையுங்கள். தமிழிலும் இருக்கட்டும். விமானிகளோடு பின் இருக்கைக்காரர்களையும், தரையில் நின்று இன்ஜினையும் குண்டையும் பார்த்துக்கொண்டவர்களையும் அதில் சொல்லுங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் இன்னும் யார் யார் போனார்களோ.

வாசகர்களுக்கும் ஒன்று. வீட்டில் பழைய நோட்டு இருந்தால் எடைக்குப் போடும் முன் இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். ராணுவ எண், ஸ்குவாட்ரன் எண், ஒரு தேதி, இந்த மூன்றில் ஒன்று கிடைத்தாலும் அங்கிருந்து தேடலாம். 1945 மார்ச்சுக்குப் பிந்தைய தாள்களில் படையின் பெயருக்கு முன்னால் ‘ராயல்’ என்று சேர்ந்திருக்கும். வேறு படை என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

பெரியப்பாவோடு பறந்த விமானி வடநாட்டுக்காரர் என்று பெயரை வைத்து நினைக்கிறேன். அவர் குடும்பத்தாரின் சம்மதம் இல்லாமல் பெயரை இங்கே எழுதவில்லை. 8-ஆவது ஸ்குவாட்ரனில் இருந்தவர்களின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ தங்கள் அலுவலகத்தைத் தொடர்புகொண்டால் தயவுசெய்து எனக்குத் தெரிவியுங்கள். ஏட்டின் பக்கங்களைப் படியெடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
லால்குடி.