கண்ணிமை சரிந்தால் கையில் ஆம்பு பேக் இருக்கட்டும்

சிறிய மருத்துவமனைகளில் இரவுப் பணி பார்க்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஆம்புலன்சில் உடன் செல்லும் ஊழியர்களுக்கும்,

வணக்கம்.

பாம்புக்கடி நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் சீட்டில் ஏ.எஸ்.வி. (பாம்பு விஷமுறிவு மருந்து) எத்தனை குப்பி ஏறியது என்று எழுதுகிறீர்கள். வழியில் மூச்சு நின்றால் ஆம்பு பேக் என்ற, கையால் அமுக்கும் பையால் யார் காற்று கொடுப்பது என்பதையும் அதே அக்கறையோடு முடிவு செய்துவிட்டு வண்டியைக் கிளப்புங்கள். நரம்பைத் தாக்கும் விஷத்தில் ஆள் சாவது மூச்சுத்தசை நின்றுபோவதால்தான். விடாமல் மூச்சு கொடுத்துக்கொண்டே இருந்தால் பெரும்பாலோர் பிழைத்துவிடுவார்கள்.

இந்த விஷம் மூளையை முடக்குவதில்லை. நரம்பு முனை தசையைத் தொடும் சந்திப்பில்தான் அதன் வேலை. அங்கே நரம்பு வெளிவிடும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள், எதிரே தசைமேல் உள்ள ஏற்பியில் போய் அமர்ந்தால்தான் தசை சுருங்கும். நல்லபாம்பின் ஆல்ஃபா நச்சு 60 முதல் 74 வரை அமினோ அமிலங்களே கொண்ட சின்னப் புரதம். அது முந்திக்கொண்டு அந்த ஏற்பியில் உட்கார்ந்துவிடுகிறது. பூட்டுக்குள் ஈர்க்குச்சி ஒடிந்து கிடந்தால் சாவி இருந்தும் பயனில்லையே, அப்படி.

கட்டுவிரியன் விஷயம் வேறு. அதன் பீட்டா நச்சு, பாஸ்போலைப்பேஸ் என்ற நொதியைக் கொண்டது. நரம்பு முனையையே சிதைத்துவிடும். 1963இல் தைவானில் சாங், லீ என்ற இருவர் ஒரு கட்டுவிரியன் இனத்தின் விஷத்திலிருந்து ஆல்ஃபா, பீட்டா இரண்டையும் பிரித்தெடுத்தார்கள். பின்னாளில் அசிட்டைல்கோலின் ஏற்பியைத் தனியே பிரித்துப் படிக்க அந்த ஆல்ஃபா நச்சுதான் கருவியாயிற்று.

இந்த வேறுபாட்டை வைத்துத்தான் சிகிச்சையும். ஏ.எஸ்.வி. இரத்தத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் விஷத்தைப் பிடிக்கும். சிதைந்த நரம்பு முனையை ஒட்டவைக்காது. அது மறுபடி முளைக்க நாட்கள் ஆகும், சிலருக்கு வாரங்கள். ஆகவே மருந்து சீக்கிரம் ஏறுவதுதான் முக்கியம். கட்டுவிரியன் கடியில் இமை தூக்கவில்லையே என்று குப்பி மேல் குப்பியாக ஏற்றுவது வீண். அடுத்த நோயாளிக்கு இல்லாமல் போகும். குழந்தைக்கும் பெரியவர் அளவேதான். கடித்த பாம்பு எடை பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. மருந்தைத் தொடங்கும் முன்பே 0.5 மி.கி. அட்ரினலின் ஊசியில் ஏற்றிப் பக்கத்தில் இருக்கட்டும். ஒவ்வாமை வந்தால் தொடைத் தசையில் உடனே போட வேண்டும். குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மி.கி. அளவு போட வேண்டும். தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை யாருக்கு ஒவ்வாமை வரும் என்று சொல்லாது, நேரத்தைத்தான் தின்னும்.

நல்லபாம்புக் கடியானால் நியோஸ்டிக்மின் கைகொடுக்கும். அது அசிட்டைல்கோலின் சிதையாமல் தடுக்கிறது. அசிட்டைல்கோலின் அளவு கூடும்போது ஏற்பியில் இடத்துக்கு நச்சோடு போட்டி போட முடிகிறது. பெரியவருக்கு முதலில் அட்ரோபின் 0.6 மி.கி. நரம்பூசியாக (சிரையில்), பிறகு நியோஸ்டிக்மின் கிலோவுக்கு 0.02 மி.கி. தசையில். 50 கிலோ ஆளுக்கு இது 1 மி.கி. ஆகும். ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 மி.கி., 2.5 மி.கி. என இரண்டு வீரியத்திலும் ஆம்பூல் வருவதால் லேபிளைப் படித்துவிட்டு உறிஞ்சுங்கள். அட்ரோபினை மறந்தால் சளியும் எச்சிலும் பெருகி, இதயத்துடிப்பும் இறங்கும். இமை இடைவெளியை ஸ்கேல் வைத்து 10 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து எழுதுங்கள். ஒரு மணி நேரத்தில் மாற்றமில்லையென்றால் நிறுத்திவிடலாம். ஆப்பிரிக்கப் பாம்பான மாம்பா கடியில் இதைத் தொடவே கூடாது: அதன் விஷம் அசிட்டைல்கோலினைக் கூட்டித்தான் தசையைத் துடிக்கவைக்கிறது.

வரும் ஆபத்தைக் கண்ணிமையில் பார்த்துவிடலாம். நோயாளி நெற்றியைச் சுருக்கி இமையைத் தூக்கி நம்மை ஏமாற்றுவார். நெற்றியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மேலே பார்க்கச் சொல்லி ஒரு நிமிடம் கவனியுங்கள். இமைக்குப் பின் இரட்டைப் பார்வை, மூக்கால் பேசுவது, விழுங்கத் தடுமாறுவது என்று இறங்கிக்கொண்டே வரும். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லையென்றால் அடுத்து மூச்சுதான். ஒரே மூச்சில் சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். 40 எண்ணியவர் 20க்கு வந்து, 15க்கும் கீழே இறங்கினால் மூச்சுப்பாதையில் குழாய் போடும் ஏற்பாடு தொடங்கியிருக்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பி உட்காராதீர்கள். ஆக்சிஜன் முகமூடி போட்டிருந்தால் உள்ளே கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டிருக்கும்போதே 98 காட்டும்.

கட்டுவிரியன் கடி பல நேரம் வலிக்காது, தடமும் தெரியாது. இரவில் தரையில் படுத்தவர் விடிகாலையில் வயிற்று வலியோடும் சரிந்த இமையோடும் வந்தால் பக்கவாதம், குடிபோதை என்று ஒதுக்குவதற்கு முன் பாம்பை நினையுங்கள்.

ஆம்பு பேக் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இரு கைகளாலும் தாடையைத் தூக்கி முகமூடியை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் 5, 6 விநாடிக்கு ஒருமுறை மார்பு எழும்பும் அளவுக்கு மட்டும் அமுக்கட்டும். பதற்றத்தில் வேகமாக, முழுப் பையையும் பிழிந்தால் காற்று வயிற்றுக்குப் போய் வாந்தி நுரையீரலில் இறங்கும். விழுங்க முடியாதவரின் தொண்டையில் எச்சில் தேங்கும். சக்‌ஷன் என்ற, எச்சிலை உறிஞ்சும் கருவி இல்லாத வண்டியில் ஏற்றாதீர்கள்.

தசையைக் கரைக்கும் விஷமும் உண்டு, கடல் பாம்பு போல. உடம்பெல்லாம் வலி, அசைத்தால் கத்துவார், சிறுநீர் கருஞ்சிவப்பாகும். செத்த தசையிலிருந்து பொட்டாசியம் வெளியேறி இதயத்தை நிறுத்தக்கூடும் என்பதால் இசிஜியில் டி அலை கூர்மையாக எழுகிறதா பாருங்கள். குழாய் போடும்போது தசையைத் தளர்த்தும் மருந்தான சக்சினைல்கோலின் வேண்டாம். அது பொட்டாசியத்தை இன்னும் ஏற்றும்.

கடைசியாக ஒன்று. முழுதும் முடங்கியவரின் கண்பாவை விரிந்து, வெளிச்சத்துக்கு அசையாமல் நிற்கலாம். மூளைச் சாவு போலவே தெரியும்; ஆனால் அவருக்கு நாம் பேசுவது கேட்டுக்கொண்டிருக்கலாம். தலைமாட்டில் நின்று 'இனி தேறாது' என்று சொந்தக்காரரிடம் சொல்லாதீர்கள். குழாய் எதற்கு, எத்தனை நாள் இருக்கலாம் என்று அவரிடமே சொல்லுங்கள். வலிக்கும் பயத்துக்கும் மருந்து கொடுங்கள். மூட முடியாத கண் வறண்டு புண்ணாகும். களிம்பு போட்டு, இமையை டேப்பால் மூடிவையுங்கள்.

இப்படிக்கு,
தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் உங்கள் சக ஊழியர்கள்