607001: எதுவரை வகுத்துப் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓர் எண் பகா எண்ணா என்று அறிய 2, 3, 5, 7 ஆகியவற்றால் வகுத்துப் பார்த்தால் போதும் என்று தங்கள் மாணவர் பக்கத்தில் வந்திருக்கிறது. அந்த விதி 120 வரைதான் செல்லும். 121-க்கு வந்ததுமே 11 × 11 என்று குப்புற விழுந்துவிடும். ஆறு இலக்க எண் என்றால் கேட்கவே வேண்டாம். நெய்வேலியின் பின்கோடு 607801-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2, 3, 5, 7 மட்டுமல்ல, 11, 13-கூட அதை வகுக்காது. ஆனால் 17 × 35753 போட்டுப் பாருங்கள்.

வர்க்கமூலம் வரை வகுத்தாக வேண்டும். கடலூர் மஞ்சக்குப்பத்தின் 607001-க்கு அது 779-ஐச் சற்றே தாண்டும் (779² = 606841, 780² = 608400). ஆக, 773 வரையுள்ள 137 பகா எண்களும் பாக்கி. இதில் 7, 11, 13 மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கலாம். மூன்றின் பெருக்கல் 1001. அதனால் எண்ணை மும்மூன்று இலக்கமாகப் பிரித்துக் கழித்து, வரும் விடையை மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். 607 − 001 = 606; மூன்றில் எதுவும் இதை மீதியின்றி வகுக்காது. விருத்தாசலத்தின் 606001-க்கு 605 கிடைக்கும். அது 11 × 55, அங்கேயே தீர்ந்தது.

கால்குலேட்டர் வைத்திருப்பவர்கள் வழுக்கும் இடங்கள் இரண்டு. 607001-ஐ 541-ஆல் வகுத்தால் 1121.998 வரும், பிள்ளைகள் அதை 1122 என்று முழுதாக்கி 'வகுபடும்' என எழுதிவிடுவார்கள். 607-ஆல் வகுத்தால் 1000.0016, இரண்டு தசமத்தோடு நிறுத்தினால் 1000.00! திருப்பிப் பெருக்கினால் குட்டு வெளிப்படும்: 541 × 1122 = 607002, 607 × 1000 = 607000. ஒன்று கூட, ஒன்று குறைய.

அந்த 137 பகா எண்களில் எதுவும் வகுக்காததால் 607001 பகா எண். கடலூர் முதுநகரின் 607003-உம் அப்படியே. வித்தியாசம் இரண்டே என்பதால் இவை இரட்டைப் பகா எண்கள். நடுவில் மாட்டிக்கொண்ட திருப்பாதிரிப்புலியூரின் 607002 மட்டும் 2 × 3 × 11 × 17 × 541 என்று ஐந்தாக உடைகிறது. 3, 5 என்ற ஜோடியை விட்டுவிட்டால், எந்த இரட்டைக்கும் நடு எண் 6-ஆல் வகுபட்டே தீரும். இதைத் திருப்பிப் போட்டுவிடக் கூடாது. 607800-உம் ஆறின் மடங்குதான். அதற்கு அடுத்து நிற்பது மேலே சொன்ன நெய்வேலி!

இரட்டையர் குணத்தில் ஒன்றல்ல. 607001-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1. அப்படிப்பட்ட பகா எண்ணை இரு வர்க்கங்களின் கூட்டலாக ஒரே ஒரு விதத்தில் எழுதலாம்: 701² + 340², அதாவது 491401 + 115600. 607003-க்கு மீதி 3. எந்த வர்க்கமும் 4-ஆல் வகுத்தால் 0 அல்லது 1 மீதிதான் தரும். இரண்டைக் கூட்டி 3 எப்படி வரும்?

புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு இவ்வளவு பாடில்லை. 605001-இன் இலக்கங்களைக் கூட்டினால் 12, மூன்றால் வகுபடும்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர்கள்,
மஞ்சக்குப்பம், கடலூர்.