ஒட்டடைக்கு ஒரு கடிதம்

மன்னார்குடி
ஞாயிறு இரவு

டேய் ஒட்டடை,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். சர்க்கரை அளவைத் தினமும் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறாய், கேட்க வேண்டிய அவசியமே இல்லை. தங்கச்சிக்கு முழங்கால் தேவலையா? எங்கள் வீட்டில் இவளும் தைலமும் கையுமாகத்தான் இருக்கிறாள். பெரியவனுக்கு வரன் இன்னும் அமையவில்லை. செய்தி அவ்வளவுதான்.

இதையெல்லாம் ஃபோனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதியிலேயே நீ சிரிப்பாய், நான் கோபத்தில் வைத்துவிடுவேன். அதோடு உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. எனக்கு அது வாயில் வராது.

விஷயம் கம்ப்யூட்டர். எது என்று கேட்காதே, என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். 2008-இல் சென்னை ரிச்சி தெருவில் நீயும் நானும் நாலு கடை ஏறி இறங்கி, உதிரியாக வாங்கிச் சேர்த்தோமே, அதேதான். ராத்திரி பஸ்ஸில் அந்த டப்பா மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு "குழந்தைக்கும் டிக்கெட்டா?" என்று கண்டக்டரிடம் கேட்டாயே. மானிட்டர் எப்போதோ போய்விட்டது. பெட்டி மட்டும் அதேதான். ஒரு வருஷமாக நான் அதைத் தொடக்கூட இல்லை.

போன மாதம் மொட்டையின் பெண் கூப்பிட்டாள். "மாமா, அப்பா உங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஏதோ கதையெல்லாம் அடிச்சு வச்சிருந்தாராமே, அம்மா சொன்னாங்க. இருக்கா?" என்றாள். "பத்திரமா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு நேரே போய் பட்டனை அமுக்கினேன். ஒரு சத்தமும் இல்லை. விளக்கும் எரியவில்லை. மறுபடி அமுக்கினேன். கோயில் மணியை எட்டி எட்டி அடிக்கிற பையன் மாதிரி அரை மணி நேரம் அமுக்கினேன்.

யூபிஎஸ் பேட்டரி செத்துக் கிடந்தது. சரி, அதுதான் காரணம் என்று நிம்மதியோடு நேராகச் சுவர் பிளக்கில் செருகினேன். இந்தத் தடவை உள்ளே விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றது. சும்மா கிடந்திருந்தால்கூடத் தேவலை. உயிர் இருக்கிற மாதிரி காட்டிவிட்டு நிற்பதுதான் ஆளைக் கொல்கிறது.

ஒரு கடைப் பையன் வந்தான். எந்தக் கடை என்பது வேண்டாம். மூடியைக்கூடக் கழற்றவில்லை. "போர்டு போச்சு சார், இதுக்கெல்லாம் இப்ப பார்ட்ஸ் கிடையாது. டிஸ்க்குல இருக்கறத எடுக்கணும்னா எட்டாயிரம், கேரண்டி கிடையாது" என்றான். வந்து போனதற்கு முந்நூறு. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. அவனிடம் பேசியதைக் கேட்ட இவள், "கழுதைக்குக் கல்யாணம் பண்ணின மாதிரி இதுக்கு எத்தனை செலவு" என்றாள். அந்தப் பழமொழி இவளாக உண்டாக்கியது.

காப்பாற்றியது எதிர்வீட்டுப் பெண். பாலிடெக்னிக்கில் மூன்றாம் வருஷம். என்னைத் தாத்தா என்கிறாள். நீ வந்தால் உன்னையும் அப்படித்தான் கூப்பிடுவாள், எனக்கு அது ஒன்றுதான் ஆறுதல். முதல் வார்த்தையே, "தாத்தா, பெட்டி செத்தா டிஸ்க்கும் செத்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல" என்றாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. டிஸ்க்கைக் கழற்றித் தன் லேப்டாப்பில் கோத்துப் பார்க்கலாம் என்று ஒரு சின்ன டப்பாவும் கொண்டுவந்திருந்தாள். ஆனால் நம் டிஸ்க்கில் இருப்பது உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிற ரிப்பன் கேபிள். அந்தக் காலத்து இணைப்பு, ஐடிஇ என்று பெயர். அவள் அதைப் பாடப் புத்தகத்தில்கூடப் பார்த்ததில்லையாம். டப்பாவில் நுழையவில்லை. அப்படியானால் பெட்டியையே எழுப்பிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டாள். இரண்டு சனி, ஒரு ஞாயிறு!

மூடியைத் திறந்ததும் எனக்கு உன் ஞாபகம் வந்தது. உள்ளே முழுக்க உன் சொந்தக்காரர்கள். ஒட்டடை தொங்கியது, பல்லி முட்டை ஓடு மூன்று கிடந்தது, புராசஸர் விசிறியில் பஞ்சு மெத்தை மாதிரி தூசி. பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிக் கூட்டினோம். விசிறியைக் கழற்றினால் அடியில் தடவிய பேஸ்ட் குழைத்துக் காய்ந்த விபூதி மாதிரி பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. பேஸ்ட் இல்லையென்றால் சூடு இறங்காது, சூடு இறங்காவிட்டால் தானே அணைந்துவிடும், அதனால் முதலில் இது என்று புதிதாகத் தடவினாள். அதற்கப்புறமும் அதே அரைச் சுற்றுதான்.

அடுத்து செய்ததைத்தான் நீ பார்த்திருக்க வேண்டும். சுவர்க் கரண்டை உள்ளே எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டுக்கு வருகிற பெரிய கனெக்டரைப் பிடுங்கினாள். 24 துளை. அதில் பச்சை வயர் ஒன்றே ஒன்றுதான். ஜெம் கிளிப் ஒன்றை நிமிர்த்தி வளைத்து, ஒரு முனையைப் பச்சையிலும் மறு முனையைப் பக்கத்துக் கறுப்பிலும் செருகிவிட்டு, அப்புறம் சுவிட்சைப் போடச் சொன்னாள். பட்டனை அமுக்கினால் போர்டு செய்கிற வேலையும் அதுதானாம், பச்சையைக் கறுப்போடு சேர்த்துவைப்பது. எஸ்எம்பிஎஸ் விசிறி சுற்றியது! நான் கை தட்டிவிட்டேன். "இருங்க தாத்தா, வெறுங்கையோட யாரும்தான் நடப்பாங்க, மூட்டையைத் தூக்கச் சொல்லிப் பாப்போம்" என்று சிடி டிரைவைக் கோத்து, மீட்டரை வைத்தாள். மஞ்சள் வயரில் 12 வோல்ட் இருக்க வேண்டும், 11.4-க்குக் கீழே போகக்கூடாது. பத்தைக் கொஞ்சம் தாண்டி நின்றது. கம்பி வலை வழியாக டார்ச் அடித்துக் காட்டினாள். உள்ளே கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். இரண்டு மட்டும் பூரி மாதிரி உப்பி, ஒன்றின் உச்சியில் பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தது. திறந்து பார்க்கலாமா என்று கேட்டேன். முறைத்தாள். பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்குமாம். "அதை மட்டும் தொடாதீங்க."

ஆக, போர்டு போகவில்லை. அந்தக் கடைப் பையன் முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு சொன்னது கிளி ஜோசியம்.

பழைய எஸ்எம்பிஎஸ் ஒன்று அறுநூறு ரூபாய்க்குக் கிடைத்தது. மாட்டினோம். எல்லா விசிறியும் சுற்றியது. திரையில் ஒன்றும் இல்லை. அதோடு நீளநீளமாக ஒரு பீப், நிறுத்தி நிறுத்தி, ஆம்புலன்ஸ் ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி. எனக்கு வயிற்றைக் கலக்கியது, அவளோ சிரித்தாள். கத்துகிறதென்றால் போர்டு உயிரோடு இருக்கிறது, ராமைத்தான், அதாவது மெமரியைத்தான், காணவில்லை என்கிறதாம். ராமைப் பிடுங்கி, அந்தத் தங்க நிறப் பல் வரிசையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரப்பரால் தேய்த்தாள். ரப்பர் கறுத்தது. திரும்ப அழுத்திச் செருகினாள், "டக்" என்று இரண்டு பக்கமும் கொக்கி விழுந்தது. பட்டன். சின்னதாக ஒரே ஒரு பீப். அதைவிட நல்ல நாதஸ்வரம் நான் கேட்டதில்லை.

திரையில் தேதி 2008 ஜனவரி 1. போர்டில் ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு வட்டப் பேட்டரி இருக்கிறது, சிஆர் 2032 என்று பெயர், 3 வோல்ட். அது தீர்ந்தால் கடிகாரம் மறந்துபோகும். எஃப்1 அமுக்கச் சொல்லிக் காத்துக்கொண்டிருந்தது. எனக்கு உடனே அமுக்க மனம் வரவில்லை. அந்தத் தேதியில் மொட்டை நம்மோடு இருந்தான்.

அமுக்கினேன். டிஸ்க்கையே காணோம் என்றது! கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவளும் முதல் தடவையாக முகம் மாறினாள். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் அந்த ரிப்பன் கேபிளைத் திரும்ப மாட்டவே இல்லை. மாட்ட மறந்தது யார் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.

விண்டோஸ் எக்ஸ்பி வந்தது, அந்தப் பச்சைப் புல்வெளியோடு. நெட்டில் மட்டும் இணைக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறாள், 2014-லேயே அதற்குப் பாதுகாப்புக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

இனி மன்னிப்பு. மொட்டை போன அடுத்த வருஷமே நீ கேட்டாய், "அவன் அடித்ததையெல்லாம் ஒரு பென் டிரைவில் போட்டு அனுப்புடா" என்று. இரண்டு தடவை கேட்டாய். அடுத்த வாரம் என்றேன் இரண்டு தடவையும். மூன்றாவது தடவை நீ கேட்கவில்லை. துக்கத்தில் திறக்க முடியவில்லை என்று சொல்லலாம், நீயும் நம்புவாய். பொய். சோம்பல்தான். இந்தப் பெட்டி எழுந்திருக்காமல் போயிருந்தால் அந்தப் பெண்ணிடம் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

மொத்தம் பதினோரு கதை இருக்கிறது. 2011-இல் ஆபரேஷனுக்கு அப்புறம் மத்தியானம் மத்தியானம் வந்து ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தானே, எல்லாம் பாமினி எழுத்துருவில். அவள் லேப்டாப்பில் திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்து, நடுநடுவே அரைப்புள்ளி. வைரஸ் என்றே நினைத்துவிட்டாள். ஒவ்வொரு அரைப்புள்ளியும் அவன் மெய்யெழுத்தின் மேல் வைத்த புள்ளி என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அந்த இரண்டு வாரத்தில் எனக்குத் தெரிந்திருந்தது அது ஒன்றுதான். இந்தக் கடிதத்தோடு வரும் பென் டிரைவில் எழுத்துரு தனியாக இருக்கிறது, முதலில் அதை ஏற்றிக்கொண்டு அப்புறம் கதைகளைத் திற. யூனிகோடுக்கு மாற்றியதும் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் அவன் வைத்த வரி அமைப்பு அதில் கலைந்துவிட்டது. மொட்டையின் பெண்ணுக்கும் ஒன்று போகிறது.

கடைசிக் கதையை முதலில் படி. நீடாமங்கலம் ஸ்டேஷன், 1983, மழை ராத்திரி. மூன்று பேரிடமும் சேர்த்து ஒன்றே முக்கால் ரூபாய். நான் டீக்குக் கடன் சொல்லப் போயிருந்தேன் என்று எழுதியிருக்கிறான், அது உண்மைதான். அதற்கு அடுத்த வரி, "ஒட்டடைதான் அப்போது ஒன்று சொன்னான்." அவ்வளவுதான். அதற்குக் கீழே காலியாகக் கிடக்கிறது.

நான் டீயோடு திரும்பி வந்தபோது நீங்கள் இரண்டு பேரும் பெஞ்சில் உருண்டு உருண்டு சிரித்துக்கொண்டிருந்தீர்கள். கேட்டேன், சொல்லவில்லை. என்னடா சொன்னாய்? எழுது.

உன்,
சோடாபுட்டி