தொப்பி தலையில்தான் இருக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் பழ ஈ கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மரபணுக்களை அடக்கி வைக்கும் சிறு ஆர்என்ஏக்களைப் பற்றித் தமிழில் இவ்வளவு விரிவாக எழுத ஆள் இருப்பதே மகிழ்ச்சி. ஆனால் பழ ஈயின் சிறு ஆர்என்ஏக்கள் எல்லாமே மீத்தைல் (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு வேதித் துணுக்கு) தொப்பி போட்டவை என்ற வரி இடறுகிறது.

தொப்பி என்பது, மரபணுவின் செய்தியைச் சுமக்கும் தூது ஆர்என்ஏவின் தலைப்பக்கம், 5' முனையில் இருப்பது. இங்கே மீத்தைல் ஏறுவது வாலில்: 3' முனையின் கடைசி நியூக்ளியோடைடில் (ஆர்என்ஏ சங்கிலியின் ஒரு கண்ணி), சர்க்கரையின் 2' ஹைட்ராக்சிலில். சரி, இதைச் சொல் தகராறு என்று விட்டுவிடலாம். 'எல்லாமே' என்பதை விட முடியாது.

செடிகளில் ஹென்1 என்ற நொதி, மைக்ரோ ஆர்என்ஏ, எஸ்ஐ ஆர்என்ஏ என்ற இரண்டு வகைச் சிறு ஆர்என்ஏக்களுக்குமே, இரட்டை இழையாக இருக்கும்போதே மீத்தைல் போட்டுவிடும். ஈயின் ஹென்1 அப்படியல்ல என்பது 2007இல் தெரியவந்தது. சிறு ஆர்என்ஏ ஒரு புரதத்துக்குள் குடியேறி, ஒற்றை இழையாகும் வரை அது காத்திருக்கும். அப்படி இடம் கொடுக்கும் புரதங்களில் ஒன்றான ஆர்கோநாட்2இல் குடியேறிய எஸ்ஐ ஆர்என்ஏவுக்கும், பிவி வகைப் புரதங்களில் இருக்கும் பிஐ ஆர்என்ஏ என்ற மூன்றாம் வகைக்கும் மீத்தைல் உண்டு. பெரும்பாலான மைக்ரோ ஆர்என்ஏக்கள் போய்ச் சேரும் ஆர்கோநாட்1இல் அது கிடையாது. மிர்-277 பெயரளவில் மைக்ரோ ஆர்என்ஏதான். ஆனாலும் அதில் ஆர்கோநாட்2க்குள் போகும் பங்குக்கு மீத்தைல் கிடைத்துவிடுகிறது. ஆக, குலம் எதுவானாலும் குடியிருக்கும் வீடுதான் கணக்கு.

இதை ஆய்வகத்தில் பார்ப்பதும் எளிது. ஆர்என்ஏவைப் பெர்அயோடேட் என்ற வேதிப்பொருளில் ஊறவைத்து, அப்புறம் காரத்தில் சூடாக்கினால், மீத்தைல் இல்லாதது வால் நுனியில் ஒரு நியூக்ளியோடைடை இழந்துவிடும். ஆர்என்ஏக்களை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் அதன் பட்டை கொஞ்சம் முந்தி ஓடியிருக்கும். மீத்தைல் உள்ளது நகராமல் பழைய இடத்திலேயே நிற்கும். முதன்முறை அந்த இரண்டு பட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது, பிசகாமல் வந்ததே என்று எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

மீத்தைல் எதற்கு என்பதையும் கட்டுரை தொடவில்லை. எஸ்ஐ ஆர்என்ஏ தன் இலக்கோடு, அதாவது தான் அடக்க வேண்டிய ஆர்என்ஏவோடு, முழுக்கப் பொருந்துவது. வாலில் மீத்தைல் இல்லாமல் அப்படிப் பொருந்தினால், நுனியில் வேண்டாத நியூக்ளியோடைடுகள் ஒட்டும், இன்னொரு பக்கம் வால் நறுக்கப்படும், கடைசியில் சிதைந்தே போகும். 2010இல் இதைக் காட்டினார்கள். மைக்ரோ ஆர்என்ஏ ஈயில் பெரும்பாலும் அரைகுறையாகவே பொருந்துவதால் அதற்கு இந்த ஆபத்து குறைவு.

அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்