எல்லா வைரஸும் செல்லை வெடிக்க வைப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் அறிவியல் பக்கத்தில் வைரஸ்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வைரஸ் செல்லுக்குள் நுழைவதை விலாவாரியாக எழுதிவிட்டு, வெளியே வருவதை மட்டும் ‘பெருகியதும் செல் வெடித்துச் சிதறுகிறது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். பாக்டீரியாவைத் தாக்கும் பல வைரஸ்களுக்கு அது சரிதான். ஆனால் எச்.ஐ.வி., எபோலா, இன்ஃப்ளூயன்சா, கொரோனா என்று நாம் அடிக்கடி பேர் கேட்கிற வைரஸ்கள் எல்லாம் செல்லின் சவ்வையே தமக்குப் போர்வையாக எடுத்துக்கொண்டு, செல் உயிரோடு இருக்கும்போதே வெளியேறக்கூடியவை.

எச்.ஐ.வி.யிடம் இருப்பது ஒன்பதே ஜீன்கள். வைரஸின் கூட்டைக் கட்டுகிற காக் என்ற புரதத்தைச் செய்து கொடுப்பதும் நம் செல்லின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோம்தான். அந்தப் புரதங்கள் ஆயிரக்கணக்கில் போய் வெளிச்சவ்வின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு சவ்வை வெளிப்பக்கமாகத் தள்ள, அங்கே ஒரு மொட்டு கிளம்புகிறது. சரி, காம்பை யார் அறுப்பது? அதற்கான கருவி வைரஸிடம் கிடையாது, செல்லிடம் இருக்கிறது. எஸ்கார்ட் என்ற புரதக் கூட்டம் அது. செல் இரண்டாகப் பிரியும்போது கடைசியில் மிஞ்சும் மெல்லிய இணைப்பை அறுப்பது, சவ்வில் ஓட்டை விழுந்தால் அடைப்பது எல்லாம் அதன் அன்றாட வேலை. காக்கின் வால்பகுதியில் புரோலின், திரியோனின், அலனின், மறுபடி புரோலின் என்று நான்கு அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன, எஸ்கார்ட்டைச் சேர்ந்த டி.எஸ்.ஜி.101 புரதம் அதை வந்து பிடித்துக்கொள்கிறது, அப்புறம் மற்றவை பின்னாலேயே வந்து கழுத்தை அறுத்துவிடுகின்றன. இந்த நான்கைக் கெடுத்துவிட்டால் பிரிய முடியாத வைரஸ்கள் காம்போடு செல்லில் தொங்குவதை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படங்களில் பார்க்கலாம். எச்.ஐ.வி.க்கு எந்த உறவும் இல்லாத எபோலாவில், காக்கைப் போலவே மொட்டைக் கிளப்பும் விபி40 என்ற புரதத்திலும் இதே நான்கு அமிலங்கள் இதே வரிசையில் இருக்கின்றன என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்!

இன்ஃப்ளூயன்சா கொஞ்சம் வேறு ரகம். எஸ்கார்ட்டை நம்பாமல் தன் எம்2 புரதத்தை வைத்தே அறுத்துக்கொள்கிறது.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், வைரஸ் மருந்துகள் ஏன் இத்தனை குறைவு என்று கட்டுரையாளர் கேட்ட கேள்விக்கு ஒரு முக்கியமான பதில் இங்கேதான் இருக்கிறது. வைரஸ் ஓட்டுகிற இயந்திரம் நம்முடையது. எஸ்கார்ட்டை மொத்தமாக முடக்கினால் வைரஸ் நிற்கலாம், ஆனால் நம் செல்களும் ஒழுங்காகப் பிரியாது. அதனால்தான் பெரும்பாலான மருந்துகள் வைரஸின் சொந்தப் புரதங்களையே குறிவைக்கின்றன. நம் பக்கத்துப் புரதத்தைக் குறிவைத்து ஜெயித்தவை குறைவு. 2007-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மராவிராக் அதில் ஒன்று, எச்.ஐ.வி. நுழையப் பயன்படுத்தும் சி.சி.ஆர்.5 புரதத்தை அது அடைக்கிறது. அந்தப் புரதம் வேலை செய்யாமலே பிறந்து பெரிய சிக்கல் இல்லாமல் வாழ்கிறவர்கள் இருப்பதால்தான் அதில் கைவைக்கும் துணிச்சல் வந்தது.

அன்புடன்,
ஒரு வாசகர்