படம் குலையாமல் கைமாற

அன்புள்ள குமரா,

உன் கடிதமும் இரண்டு படங்களும் கிடைத்தன. புது வேலை பிடித்திருக்கிறது என்று நீ எழுதியதில் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம்.

ஒரு கருவியில் வரைந்த பணி ஓட்டப் படத்தை இன்னொரு கருவியில் திறந்தால் ஏன் கோணலாகிறது என்று கேட்டிருந்தாய். கோப்பைப் பார்த்துவிட்டேன். ஓட்டத்தில் பிழை இல்லை, படம்தான் குலைந்திருக்கிறது. பணி ஓட்டங்களை வரைவதற்கான தரமான பிபிஎம்என்-இன் 2011-இல் வந்த 2.0 பதிப்பில் எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்பது ஒரு பகுதியிலும், எதை எங்கே வரைவது என்பது பிபிஎம்என்டயாகிராம் என்ற தனிப் பகுதியிலும் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது ஐடிகள், அதாவது ஒவ்வொரு உறுப்புக்கும் உள்ள அடையாளப் பெயர்கள், மட்டுமே. ஒரு கருவி ஐடிகளைப் புதிதாகக் கொடுத்துவிட்டு மறு பகுதியில் மாற்றவில்லை என்றால், அந்தப் பெட்டி படத்தில் வராது. அந்தப் பகுதியே இல்லாவிட்டால், வாங்கும் கருவி தன் விருப்பப்படி அடுக்கும், அல்லது திறக்கவே மறுக்கும்.

உன் கோப்பில் நடந்தது வேறு. அங்கே பெட்டியின் அளவு மாறியிருக்கிறது. முதல் கோப்பில் டாஸ்க் (ஒரு வேலையைக் குறிக்கும் பெட்டி) எக்ஸ் 240, ஒய் 80, அகலம் 100, உயரம் 80. ஒய் மேலிருந்து கீழே எண்ணப்படுவதால் நடுக்கோடு ஒய் 120. தொடக்க வட்டத்தின் மையமும் 120, அதனால் அம்பு நேராக ஓடியது. இரண்டாவது கருவி இடது மேல் மூலையை அப்படியே வைத்து, உயரத்தை 60 ஆக்கிவிட்டது. நடுக்கோடு 110-க்கு ஏறியது, அம்பின் வேபாயிண்ட் (அம்பு கடக்கும் புள்ளி) 120-லேயே நின்றது. அந்தச் சின்னக் கோணல் இதனால்தான். கீழ் ஓரத்தில் ஒட்டியிருந்த டைமர் (நேரக்கெடுவைக் காட்டும் வட்டம்) இன்னும் மோசம்: ஓரம் 160-இலிருந்து 140-க்குப் போக, 36 அளவுள்ள வட்டத்தின் உச்சி 142-இல் இருப்பதால் அது பெட்டியைத் தொடாமல் தொங்குகிறது. பார்ப்பவருக்கு அது எந்த வேலையின் டைமர் என்றே தெரியாது. அழகு போனதைவிட இதுதான் எனக்குக் கவலை.

ஆகவே இரு கருவிகளும் மாற்றாமல் ஏற்கும் அளவை முதலில் கண்டுபிடித்து, எல்லோரும் அதிலேயே வரையுங்கள். காமுண்டா மாடலர் என்ற வரையும் கருவியில் டாஸ்க் 100 × 80, ஈவென்ட் (நிகழ்வு வட்டம்) 36, கேட்வே (ஓட்டம் பிரியும் சாய்சதுரம்) 50. அடுத்த கருவி அதை ஏற்காவிட்டால் அதன் அளவுக்கு நீங்கள் இறங்கிப்போவதே நல்லது. ஒவ்வொரு முறையும் கையால் அம்பு நிமிர்த்துவது வீண் வேலை.

பெயர்களுக்கும் லேபிள் பவுண்ட்ஸ், அதாவது பெயர் எழுதும் இடமும் அளவும், எழுதச் சொல். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு கருவியும் தன் எழுத்துருவுக்கு ஏற்ப இடம் போடும். கேட்வேயின் 'ஆம்', 'இல்லை' அம்பின் மேலேயே ஏறும். நீங்களே எழுதிய மாற்றி நிரல் இருக்கிறது என்றாயே, அதில் இரண்டைப் பார். ஆயங்கள், அதாவது எக்ஸ், ஒய் எண்கள், எல்லாம் படத்தளத்தின் மூலத்திலிருந்து கணக்கிட்டவையாக இருக்க வேண்டும், லேனின் (யார் செய்யும் வேலை என்று பிரிக்கும் பட்டை) மூலையிலிருந்து அல்ல. தசமத்துக்குப் புள்ளிதான், ஜெர்மன் அமைப்புள்ள கணினி 120,5 என்று எழுதிவிடும்.

சோதனைக்கு பெரிய மாடல் வேண்டாம். பிபிஎம்என் தரத்தை வெளியிடும் ஓஎம்ஜி அமைப்பின் மாடல் பரிமாற்றக் குழு வெளியிட்டிருக்கும் ஏ வரிசைச் சிறு மாதிரிகள் போதும். ஒன்றை இங்கிருந்து அங்கே அனுப்பி, எதையும் தொடாமல் திரும்ப ஏற்றுமதி செய்து, பவுண்ட்ஸ், வேபாயிண்ட் எண்களை வரிவரியாக ஒப்பிடு. வரிசை மாறியிருந்தால் கவலையில்லை, ஐடி வாரியாக அடுக்கிவிட்டு ஒப்பிடு. எந்த எண் நகர்ந்திருக்கிறதோ அதை மட்டும் எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
செல்வம்