கல் தேடுவோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு களப்பயணங்களில் நாம் டெக்டைட் என்னும் இயற்கைக் கண்ணாடிக் கல் என்று நம்பிச் சுமந்து வந்த கறுப்புக் கற்களில் பெரும்பாலானவை உலைக் கசடும் இரும்புக்கல்லும்தான். இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. டார்வினே 1844இல் ஆஸ்திரேலியாவில் கிடைத்த ஒரு டெக்டைட்டை எரிமலைக் கண்ணாடி என்றுதான் எழுதினார்.

ஒரு வேண்டுகோள்: டெக்டைட்டை விண்கல் என்று சொல்லாதீர்கள். விண்கல் மோதிய வேகத்தில் உருகித் தெறித்த நம் பூமியின் மண்ணும் பாறையும்தான் அது. அதனால் எல்லா இடத்திலும் கிடைக்காது. மத்திய ஐரோப்பா, ஐவரி கோஸ்ட், வட அமெரிக்கா, தென்கிழக்கு ஆசியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை என நன்கு அறியப்பட்ட சிதறல் பரப்புகள் நான்கு. கடைசியாகச் சொன்னது ஏறக்குறைய 7,90,000 ஆண்டுப் பழமையானது. தேடும் இடம் இப்படியொரு பரப்புக்குள் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

மழைக்குப் பின் சரளை மேட்டில் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் எடுத்த கட்டைவிரல் அளவுத் துண்டு இவ்வாண்டின் பெருமகிழ்ச்சி. மேல்தோல் மங்கி, குழிகுழியாக இருந்தது. மெல்லிய விளிம்பை வெயிலில் பிடித்தபோது கறுப்பு மறைந்து பழுப்பு ஒளி ஊடுருவியது. லென்ஸில் குமிழ்களும், பாகை இழுத்தது போல் வளைந்த கோடுகளும் தெரிந்தன. படிகம் ஒன்றுகூட இல்லை. காந்தம் ஒட்டவில்லை. காற்றில் 24 கிராம், நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டால் 14 கிராம். குறைந்த 10 கிராமால் வகுக்க, அடர்த்தி 2.4. டெக்டைட்டுக்குப் பொருந்துகிற எண்தான். ஆனால் எரிமலைக் கண்ணாடிக்கும் அதே எண் வரும் என்பதால் இது மட்டும் போதாது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது உள்ளே இருக்கும் நீரின் அளவு. டெக்டைட்டில் அது மிகமிகக் குறைவு. சில்லு ஒன்றை ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறோம், முடிவு வரவேண்டும்.

உள்ளே பார்க்கும் ஆவலில் வேறொரு நல்ல துண்டு சுத்தியலுக்கு இரையானது. அருகிலிருந்தும் நான் தடுக்கவில்லை. மனம் இன்னும் ஆறவில்லை. இனி உடைப்பதற்கு முன் படம், எடை, எடுத்த இடம் மூன்றும் பதிவேட்டில் ஏற வேண்டும். நில உரிமையாளரின் அனுமதியும் அப்படியே.

கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இவண்,
செயலாளர்